உருவம் நம் கையில், ஊர் வாடகையில்: செகண்ட் லைஃப் பற்றிய ஒரு மதிப்பீடு

செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகம் இன்னும் இயங்கிக்கொண்டிருக்கிறது என்பதே பலருக்கும் செய்தியாக இருக்கும். சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த லிண்டன் லேப் நிறுவனம் 2003 ஜூன் மாதத்தில் அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவைத்தது. 2006, 2007 ஆண்டுகளில் பத்திரிகைகள் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடின. ஐபிஎம் அங்கே கூட்டங்கள் நடத்தியது, ராய்ட்டர்ஸ் ஒரு செய்திப் பிரிவையே திறந்தது, மாலத்தீவும் ஸ்வீடனும் தூதரகம் கட்டின. சில ஆண்டுகளில் அந்தக் கூட்டம் வந்த வேகத்திலேயே கலைந்துபோனது. ஆனால் விளம்பரத்துக்காக வந்தவர்கள் போன பிறகும் அங்கேயே தங்கிவிட்டவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் பலர் பத்து, பதினைந்து ஆண்டுகளாக ஒரே பெயரில், ஒரே நண்பர்கள் நடுவே வாழ்கிறார்கள் என்பதால், இந்தச் சேவையை மதிப்பிட வேண்டுமென்றால் அவர்கள் எதற்காகத் தங்கினார்கள் என்ற கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

விளையாட்டு என்று நினைத்து உள்ளே போகிறவர்கள் முதல் அரைமணி நேரத்திலேயே சலித்துப்போய் வெளியேறுவது வழக்கம். அங்கே கொல்ல எதிரி இல்லை, ஏற நிலைகள் இல்லை, எடுக்க மதிப்பெண் இல்லை. இருப்பது ஓர் உடல், அதை நிறுத்திவைக்க ஓர் இடம், சுற்றிலும் அதேபோல வந்து நிற்கும் மனிதர்கள். என் மதிப்பீட்டை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: ஒருவர் தன்னைத் தான் விரும்பிய விதத்தில் பிறர் முன்னே காட்டிக்கொள்வதற்கு இதைவிட விரிவான கருவிகளைக் கொண்ட மெய்நிகர் உலகத்தை நான் பார்த்ததில்லை, ஆனால் அப்படிக் காட்டிக்கொண்டவர்கள் சேர்ந்து ஒரு சமூகமாக நிலைப்பதற்கான ஏற்பாடுகள் அதே அக்கறையுடன் செய்யப்படவில்லை, சில இடங்களில் தடையாகவே இருக்கின்றன.

முதலில் கருவிகளைப் பார்க்கலாம். இங்கே கண்ணில் படும் பொருள்களில் மிகப் பெரும்பாலானவற்றை அங்கு வாழ்பவர்களே செய்திருக்கிறார்கள். வீடு, மரம், உடை, நடை, கண்சிமிட்டல், நாற்காலியில் உட்காரும் விதம் வரைக்கும் யாரோ ஒருவர் உட்கார்ந்து உருவாக்கியது. பிரிம் என்று அழைக்கப்படும் எளிய கனவடிவங்களை உலகத்துக்குள்ளேயே நின்றபடி நீட்டி, வளைத்து, ஒட்டிப் பொருள் செய்யும் முறை தொடக்கத்திலிருந்தே உள்ளது. அந்தப் பொருளை இயங்கவைக்க லிண்டன் ஸ்கிரிப்டிங் லாங்குவேஜ் என்ற நிரல்மொழியும் உடனிருக்கிறது. 2011-இல் மெஷ் என்ற வசதி வந்த பிறகு, வெளியே பிளெண்டர் போன்ற மென்பொருள்களில் செய்த முப்பரிமாண வடிவங்களை உள்ளே ஏற்ற முடிந்தது. இதனால் பொருள்களின் தரம் பல மடங்கு உயர்ந்தது என்பது உண்மை. ஆனால் பத்துப் பேர் சுற்றி நிற்க, ஒருவர் கண்ணெதிரே ஒரு கதவைச் செய்துகாட்டும் பழைய திண்ணைப் பழக்கம் அதோடு தேய்ந்துவிட்டது என்பதும் உண்மை. தொழில் மெல்லத் தனியறைக்குள் போய்விட்டது.

செய்தவருக்கே அந்தப் பொருளின் அறிவுசார் உரிமை உண்டு என்று 2003 நவம்பரில் நிறுவனம் அறிவித்ததுதான் இந்த உலகத்தின் உண்மையான அடித்தளம் என்று நினைக்கிறேன். அன்றைக்கு மற்ற இணைய உலகங்கள் எல்லாம், பயனர் உள்ளே செய்தது எதுவானாலும் நிறுவனத்துக்கே சொந்தம் என்று ஒப்பந்தத்தில் எழுதிவைத்திருந்த காலம். உரிமையைக் கையில் கொடுத்ததும் மனிதர்கள் தொழிலாகவே செய்யத் தொடங்கினார்கள். லிண்டன் டாலர் என்ற உள்நாணயத்தில் விற்று, அதை அமெரிக்க டாலராக மாற்றிக்கொள்ளவும் முடிந்தது. இன்றைய நிலவரத்தில் ஒரு அமெரிக்க டாலருக்குச் சுமார் 250 லிண்டன் டாலர் என்ற அளவில் மாற்று விலை நெடுநாளாக நிலைபெற்றிருக்கிறது. மெய்நிகர் நிலத்தை வாங்கி விற்றே செல்வம் சேர்த்த ஆன்ஷி சங் என்ற அவதார் (பயனர் அங்கே பூணும் உருவம்) 2006 மே மாதம் பிசினஸ் வீக் இதழின் அட்டையில் இடம்பெற்றது இந்த அமைப்பின் விளைவுதான்.

இனி, உடல். புதிதாக வருபவருக்கு இலவசமாக ஓர் அவதார் கிடைக்கிறது. 2023-இல் சென்ரா என்ற பெயரில் நிறுவனமே கொடுத்த தொடக்க அவதார்கள் பழையவற்றைவிட எவ்வளவோ மேல். மூக்கின் அகலம், கண்ணின் சாய்வு, தோளின் பரப்பு, காலின் நீளம் என ஒவ்வொன்றையும் பூஜ்யத்திலிருந்து நூறு வரை நகர்த்தி மாற்றலாம். ஆனால் அங்கே சில நாள் பழகியவர் எவரும் இந்தத் தொடக்க உடலோடு நின்றுவிடுவதில்லை. தனியே ஒரு மெஷ் உடல், அதற்குப் பொருந்தும் ஒரு மெஷ் தலை, இரண்டுக்கும் ஒத்துப்போகும் தோல், பிறகு கண், முடி, அந்தக் குறிப்பிட்ட உடலுக்கென்றே அளவெடுத்துச் செய்த உடை என்று ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கடையில் வாங்கி ஒன்றுசேர்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு சட்டையை மாட்டுவதையே எடுத்துக்கொள்வோம். கடையில் வாங்கியது ஒரு பெட்டியாக இன்வென்ட்டரி என்ற நம் உடைமைப் பெட்டகத்துக்கு வந்து சேரும். அதை நிலத்தில் வைத்துத் திறந்தால் உள்ளே ஐந்தாறு உடல் வகைகளுக்கான ஐந்தாறு சட்டைகள் இருக்கும். நம் உடலுக்கானதைத் தேர்ந்து மாட்ட வேண்டும். மாட்டியதும் பெரும்பாலும் முதுகிலோ அக்குளிலோ தோல் துணியைக் கிழித்துக்கொண்டு எட்டிப்பார்க்கும். உடலோடு வந்த ஹட் என்ற திரைப்பலகையைத் திறந்து, அந்த இடத்துத் தோலை மட்டும் கட்டம் கட்டமாக மறைக்க வேண்டும். சட்டையின் நிறத்தை மாற்ற அதற்கென்று இன்னொரு ஹட். பிறகு, பொம்மை போலக் கைகளை அகட்டிக்கொண்டு நிற்காமல் இயல்பாக நிற்க ஏஓ என்ற அசைவுக் கருவி வேண்டும். இவ்வளவும் முடிந்து அருகில் இருப்பவர் “உங்கள் தலைமுடி இன்னும் வரவில்லை, மொட்டையாகத் தெரிகிறீர்கள்” என்று சொன்னால், கோளாறு அவர் கணினியிலா நம் கணினியிலா என்று கண்டுபிடிக்க இன்னும் சற்று நேரம் போகும்.

இது குறையா? புதியவருக்குக் கொடுமையான குறை. ஆனால் பொறுமையுடன் கடந்தவர்களுக்கு இதுவே பிடிமானமாகிவிடுகிறது. இவ்வளவு உழைத்துச் சேர்த்த உடலை எளிதில் விட்டுப்போக மனம் வருவதில்லை. ஒரே தட்டலில் கிடைக்கும் ஆயத்த உருவங்களில் இந்த ஒட்டுதல் பிறப்பதில்லை என்பதை மற்ற மெய்நிகர் உலகங்களோடு ஒப்பிட்டால் தெளிவாகவே உணரலாம். நாய், டிராகன், நீராவி எந்திரம், வெறும் ஒளிப்பந்து என்று எதுவாகவும் இருக்கலாம். வயதும் பாலினமும் தேர்வுதான். வெளியுலகில் இன்னும் சொல்லிக்கொள்ளாத ஒரு பாலின அடையாளத்தை முதன்முதலில் இங்கே வாழ்ந்து பார்த்தவர்கள் பலர் உண்டு. அவர்களுக்கு இது வேடம் போட்டுக்கொள்ளும் மேடையாக இல்லாமல், வேடத்தைக் கலைக்கும் இடமாக இருந்திருக்கிறது.

இவ்வளவு சுதந்திரம் இருந்தும் ஒரு கூட்டத்துக்குள் நுழைந்தால் கண்ணில் படுவது ஒரே மாதிரியான முகங்கள் என்பதுதான் வேடிக்கை. விற்பனையில் முன்னிற்கும் சில தலைகளும் சில உடல்களும் மட்டுமே எல்லாக் கடைகளின் உடைக்கும் அளவுகோலாகிவிட்டதால், அவற்றை வாங்காதவருக்கு உடுத்த நல்ல துணி கிடைப்பதில்லை; வாங்கியவர்கள் எல்லோரும் உடன்பிறந்தவர்கள் போல இருக்கிறார்கள். பருமனான உடல், முதிய உடல், சுருக்கம் விழுந்த முகம் இவையெல்லாம் செய்ய முடியாதவை அல்ல, ஆனால் தேடி எடுக்க வேண்டியவை. உயரம் இன்னொரு விந்தை. தொடக்ககால அவதார்கள் ஏழடியைத் தொட்டு நின்றதால் அதுவே வழக்கமாகிவிட்டது. ஆகவே இயல்பான மனித உயரத்தில் ஒருவர் நடந்துவந்தால் அவரைக் குழந்தை என்று தவறாக எடுத்துக்கொண்டு வெளியேற்றும் இடங்கள் கூட உண்டு. உடலை மாற்றிக்கொள்ளும் உரிமையை நிறுவனம் கொடுத்தாலும், எந்த உடல் மதிக்கப்படும் என்பதைச் சந்தையும் சபையும் சேர்ந்து முடிவு செய்கின்றன.

பெயர் விஷயத்தில் நிறுவனம் தடுமாறியது. தொடக்கத்தில் ஒருவர் தன் முதற்பெயரைத் தானே வைத்துக்கொண்டு, நிறுவனம் தரும் பட்டியலிலிருந்து ஒரு குடும்பப்பெயரைத் தேர்ந்துகொள்வார். ஒரே குடும்பப்பெயர் கொண்டவர்கள் தங்களுக்குள் உறவு பாராட்டிக்கொண்ட கதைகளும் உண்டு. 2010-இல் அந்தப் பட்டியலை எடுத்துவிட்டு, புதிதாக வந்த அனைவருக்கும் ‘ரெசிடென்ட்’ என்ற ஒரே பின்னொட்டை மாட்டிவிட்டார்கள். விருப்பம்போல மாற்றிக்கொள்ளும் காட்சிப்பெயர் ஒன்றையும் சேர்த்தார்கள். யார் எந்தக் காலத்தில் குடிவந்தவர் என்பது பெயரைப் பார்த்தாலே தெரியும் நிலை இதனால் உருவாகி, பழையவர் புதியவர் என்ற பாகுபாடு வெளிப்படையாகிவிட்டது. 2020-இல் கட்டண உறுப்பினர்கள் பணம் கட்டிக் குடும்பப்பெயரோடு பெயர் மாற்றிக்கொள்ளலாம் என்று வழி திறந்தபோது பலரும் ஆவலுடன் வாங்கினார்கள். ஒரு விதியை மட்டும் நிறுவனம் தொடக்கம் முதல் விடாமல் வைத்திருக்கிறது: ஒருவரின் வெளியுலகப் பெயரையோ விவரங்களையோ அவர் ஒப்புதல் இல்லாமல் பிறர் அங்கே வெளியிடக் கூடாது. மெய்ப்பெயரையே கேட்கும் சமூக வலைத்தளங்களின் காலத்தில் இந்த ஒரு விதிக்காகவே செகண்ட் லைஃபைப் பாராட்டலாம்.

பேச்சு முறையும் தனிக் கவனத்துக்குரியது. இங்கே தட்டச்சு செய்யும் சொல் இருபது மீட்டர் வரை கேட்கும். கிசுகிசுத்தால் பத்து மீட்டர். கத்தினால் நூறு மீட்டர். ஆகவே ஒரு உரையாடலில் சேர வேண்டுமென்றால் நடந்துபோய் அருகில் நிற்க வேண்டும், விலக வேண்டுமென்றால் எழுந்து போக வேண்டும். நாம் எழுத்துகளைத் தட்டத் தொடங்கியதும் அவதார் இரு கைகளையும் முன்னால் நீட்டிக் காற்றில் தட்டச்சு செய்யும். விசைப்பலகையின் டக்டக் ஓசை அருகிலிருப்பவர்களுக்கும் கேட்கும். எதையோ எழுதி, மனம் மாறி அழித்துவிட்டுப் பேசாமல் நின்றுவிட்டால், அந்தத் தயக்கத்தையும் எதிரில் இருப்பவர் பார்த்துவிடுகிறார். சாதாரண அரட்டைச் செயலியில் மூன்று புள்ளிகளாகத் தெரியும் ஒன்று இங்கே உடல்மொழியாகிறது. 2007-இல் நிக் யீ, ஜெரமி பெய்லென்சன் முதலிய ஆய்வாளர்கள் இந்த உலகத்தைக் கவனித்து வெளியிட்ட முடிவில், ஆண் அவதார்கள் இருவர் நிற்கும் இடைவெளி பெண் அவதார்கள் இருவரின் இடைவெளியைவிட அதிகம் என்றும், மிக நெருங்கி நிற்க நேர்ந்தால் பார்வையை விலக்கிக்கொள்ளும் பழக்கம் கூட வெளியுலகில் போலவே இங்கும் உண்டு என்றும் கண்டார்கள். உடல் பொய் என்று தெரிந்திருந்தும் மனிதர்கள் அதற்கு மரியாதை கொடுக்கிறார்கள்.

இந்த மரியாதையின் மேல் எழுந்தவைதான் இங்குள்ள சமூகங்கள். விலங்கு உருவம் பூண்டவர்களின் லஸ்க்வுட் 2003-லிருந்தே இருக்கிறது. விக்டோரியக் காலத்தையும் நீராவி எந்திரக் கற்பனையையும் கலந்து வாழும் காலெடன், புதியவர்களுக்கு இலவசமாகப் பயிற்சி தரும் பள்ளி ஒன்றையும் நடத்துகிறது. மனித எலும்புக்கூட்டின் மூட்டுகளை அசைவுக் கோப்புகளால் மடக்கி, முழங்கால் உயரத்துக்குச் சுருங்கிய குட்டி விலங்குகளாக உலவுபவர்களின் ஊர் ராக்லன் ஷயர். அந்த மடக்கல் நிறுவனம் தந்த வசதி இல்லை. அவதாரின் எலும்பு அமைப்பில் இருந்த ஓர் இடைவெளியைப் பயனர்கள் கண்டுபிடித்துத் தங்கள் விருப்பத்துக்கு வளைத்தது. இந்த உலகத்தில் நல்லதாக நான் கண்டவற்றில் பாதி இப்படிக் குறுக்குவழியில் பிறந்ததுதான்.

இவற்றுள் நான் முதலிடம் கொடுப்பது வர்ச்சுவல் எபிலிட்டி என்ற அமைப்புக்கு. மாற்றுத்திறனாளிகளுக்காக அவர்களே 2007-இல் தொடங்கிய இந்த இலாப நோக்கமற்ற அமைப்பு, தனக்கென ஒரு தீவு வைத்திருக்கிறது. அங்குள்ள பயிற்சிப் பாதை, புதியவர் ஒவ்வொரு அடியிலும் ஒரு திறனை மட்டும் கற்கும்படி, அவசரமில்லாமல், பெரிய எழுத்துப் பலகைகளுடன் அமைக்கப்பட்டது. சுட்டியைப் பிடிக்க முடியாதவருக்கு விசைப்பலகை வழிகளும் சொல்லித்தரப்படுகின்றன. நிறுவனத்தின் சொந்தத் தொடக்கப் பயிற்சி ஆண்டுக்கொரு தரம் முகம் மாறியும் இந்தத் தெளிவை எட்டவில்லை என்பது என் கருத்து. 2007-இல் குரல் வசதி வந்தபோது, அதுவரை எழுத்தில் எல்லோருக்கும் சமமாக இருந்த காது கேளாதவர்கள் திடீரென்று ஓரத்துக்குத் தள்ளப்படும் நிலை வந்தது. அதற்கு இந்த அமைப்பு கண்ட வழி எளியது, ஆனால் உழைப்பு மிகுந்தது: தன் கருத்தரங்குகளில் பேசப்படும் ஒவ்வொரு சொல்லையும் உடனுக்குடன் எழுத்தாக்கித் திரையில் தருகிறது, எழுத்தில் கேட்கும் கேள்வியை ஒருவர் குரலில் படித்துக்காட்டுகிறார்.

அங்கே உறுப்பினர்களின் அவதார்களைப் பார்த்தால் சிலர் சக்கர நாற்காலியில் இருப்பார்கள், சிலர் நடனமாடிக்கொண்டிருப்பார்கள். தன் உடலை உள்ளபடியே காட்ட விரும்பியவர் ஒருவர், அதிலிருந்து ஓய்வு தேடி வந்தவர் இன்னொருவர். எது சரி என்று அங்கே எவரும் வகுப்பெடுப்பதில்லை. தன்வெளிப்பாடு என்ற சொல்லுக்கு நல்ல உதாரணம் கேட்டால், நான் ஆடை அலங்காரப் போட்டிகளைக் காட்ட மாட்டேன், இந்தத் தீவைத்தான் காட்டுவேன்.

அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்துக்காக 2005 முதல் ஆண்டுதோறும் நடக்கும் ரிலே ஃபார் லைஃப் நிகழ்வும் குறிப்பிடத்தக்கது. பல நிலப்பகுதிகளை அடுத்தடுத்து இணைத்து ஒரு நடைபாதை அமைத்து, குழுக்கள் இரவு பகலாக அதில் சுற்றிவருகின்றன. பாதையோரம் இறந்தவர்களின் பெயர் தாங்கிய விளக்குகள் நிற்கும். திரட்டப்படுவது உண்மையான பணம். இதையெல்லாம் ஏற்பாடு செய்பவர்கள் பெரும்பாலும் ஒருவரையொருவர் நேரில் பார்த்திராத தன்னார்வலர்கள்.

இவ்வளவு செய்பவர்களுக்கு நிறுவனம் கொடுத்திருக்கும் குழுக் கருவி எப்படிப்பட்டது என்று பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். 100 லிண்டன் டாலர் கட்டினால் குழு தொடங்கலாம், உறுப்பினருக்குப் பட்டம் கொடுக்கலாம், அது அவர் பெயருக்கு மேலே தலைக்கு மேல் மிதக்கும், பொறுப்புகளைப் பிரித்துக்கொடுக்கலாம், அறிவிப்பு அனுப்பலாம். தலைக்கு மேல் மிதக்கும் அந்தப் பட்டம் நல்ல யோசனை, ஏனென்றால் ஒருவர் தன்னை யாராகக் காட்டிக்கொள்கிறார் என்பதோடு எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பதும் ஒரே பார்வையில் தெரிந்துவிடுகிறது. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு பட்டம் மட்டுமே. ஒருவர் சேரக்கூடிய குழுக்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. கூடுதல் குழு வேண்டுமென்றால் கட்டண உறுப்பினராக வேண்டும். குழு அரட்டையில் செய்திகள் தாமதமாக வருவதும் வராமலே போவதும் ஆண்டுக்கணக்கில் பேசப்படும் புகார். பழைய உரையாடலைப் பின்னால் வந்தவர் படிக்க வழியில்லை. ஆகவே பெரிய சமூகங்கள் எல்லாம் தங்கள் அன்றாடப் பேச்சை டிஸ்கார்ட் என்ற வெளி அரட்டைச் செயலிக்கு மாற்றிக்கொண்டுவிட்டன. வீடு இங்கே, திண்ணை வேறெங்கோ என்ற இந்த நிலைக்கு நிறுவனம்தான் பொறுப்பு.

எல்லாவற்றையும்விடக் கனமான சிக்கல் நிலம். 256 மீட்டர் நீளமும் அதே அகலமும் கொண்ட ஒரு நிலப்பகுதிதான் அடிப்படை அலகு. அதை வாங்குகிறோம் என்று பேச்சுவழக்கில் சொன்னாலும் மாதந்தோறும் வாடகை செலுத்திக்கொண்டே இருக்க வேண்டும். தனியாருக்கான முழு நிலப்பகுதிக்கு 2018 வரை மாதம் 295 அமெரிக்க டாலராக இருந்த வாடகை பிறகு படிப்படியாகக் குறைந்து 200 டாலரை ஒட்டிய அளவுக்கு வந்திருக்கிறது. ஒரு தனிமனிதருக்கு இது இன்னமும் பெருந்தொகை. பெரும்பாலான சமூகங்கள் ஒருவருடைய அல்லது இருவருடைய பணப்பையில் உயிர்வாழ்கின்றன. அவருக்கு வேலை போனால், உடல்நலம் கெட்டால், சலிப்புத் தட்டினால் ஊரே மறைகிறது. வாடகை நின்ற நிலத்தில் இருந்த வீடும் மரமும் விளக்கும் அவரவர் இன்வென்ட்டரியில் உள்ள ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’ கோப்புறைக்குத் திரும்பிவிடும். பொருள்கள் பத்திரமாகவே இருக்கின்றன. அவற்றை எங்கே எப்படி வைத்திருந்தோம் என்பதுதான் அழிந்துபோகிறது, ஒரு ஊரை ஊராக்குவது அந்த வைப்புமுறைதானே.

நிறுவனமே நடத்தும் பெருநிலப்பரப்பில் நிலத்தைக் குழுவுக்குச் சொந்தமானதாக வைத்துக்கொண்டு, உறுப்பினர்கள் தங்கள் பங்குக்கான நில அளவைக் கொடையாகச் சேர்த்தால் நிறுவனம் பத்து சதவீதம் கூடுதலாகத் தருகிறது. சமூகத்துக்காகச் செய்யப்பட்ட நல்ல ஏற்பாடு என்று என்னால் முழுமனதுடன் சொல்ல முடிகிற ஒன்று இது. இதைத் தனித் தீவுகளுக்கும் விரித்திருந்தால் எத்தனையோ ஊர்கள் தப்பியிருக்கும்.

நிறுவனம் தானே ஊர் அமைத்துக் காட்டிய முயற்சியும் இருக்கிறது. 2019 ஏப்ரலில் திறக்கப்பட்ட பெல்லிசேரியா என்ற கண்டத்தில், கட்டண உறுப்பினர்களுக்கு ஆயத்த வீடுகளும் படகு வீடுகளும் கிடைக்கின்றன. வீட்டின் வெளித்தோற்றத்தை மாற்ற முடியாது, தோட்டத்தையும் உள்ளறைகளையும் மட்டுமே நம் விருப்பத்துக்கு அமைக்கலாம் என்பதால் தன்வெளிப்பாடு சுருங்கிவிடும் என்றுதான் எதிர்பார்த்தேன். நடந்தது வேறு. எவரும் அண்டை வீட்டு வாசலில் ஒளிரும் விளம்பரப் பலகை வைக்க முடியாது என்ற உறுதி கிடைத்ததும், மக்கள் வேலியோரம் நின்று பேசத் தொடங்கினார்கள். ஒருவரையொருவர் விருந்துக்கு அழைத்தார்கள். அங்கு வாழ்பவர்கள் கேலியும் அன்புமாக ஒரு கடவுச்சீட்டு அலுவலகத்தையே நிறுவி, கண்டம் முழுவதும் முத்திரை இயந்திரங்களை வைத்து, ஊர் ஊராகப் போய் முத்திரை குத்திக்கொள்ளும் பழக்கத்தை உண்டாக்கிவிட்டார்கள். கட்டுப்பாடு சற்றுக் கூடியபோது கூட்டுறவும் கூடியது என்பதை, முழுச் சுதந்திரமே முழு வெளிப்பாடு என்று நம்புகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

ஆட்சிமுறையைப் பற்றி நீட்டிச் சொல்ல ஏதுமில்லை. தனித் தீவில் நில உரிமையாளர் சொல்வதே சட்டம். காரணம் சொல்லாமலே எவரையும் வெளியேற்றலாம். தொல்லை தருபவர்களிடமிருந்து இது உடனடிப் பாதுகாப்பு தருகிறது, உரிமையாளரே தொல்லை தருபவரானால் போக்கிடம் இல்லை. நிறுவனம் பெரிய விஷயங்களில் மட்டும் தலையிடுகிறது: 2007-இல் சூதாட்டத்தையும், 2008 ஜனவரியில் வட்டி தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டிய வங்கிகளையும், 2021-இல் கச்சா என்ற குலுக்கல் விற்பனையையும் தடை செய்தது. ஒவ்வொன்றும் சரியான முடிவு. ஒவ்வொன்றும் மக்கள் பணத்தை இழந்த பிறகோ நெடுங்காலம் செலவழித்த பிறகோ வந்தது.

செய்த பொருளுக்கு நகலெடுக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற மூன்று அனுமதிகளைச் செய்தவரே தீர்மானிக்கும் முறையும் உண்டு. 2006 நவம்பரில் காப்பிபாட் என்ற நிரல் பிறர் பொருள்களை அப்படியே நகலெடுக்கத் தொடங்கியபோது கடைக்காரர்கள் கடையடைத்துப் போராடும் அளவுக்கு அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. இன்றும் திருட்டு முழுதாக நிற்கவில்லை என்றாலும் முறைப்படி புகார் செய்து அகற்றவைக்க முடிகிறது. மறுபக்கம், நாம் விலை கொடுத்து வாங்கிய உடலையும் உடையையும் வேறு உலகத்துக்கு எடுத்துச்செல்ல வழியே இல்லை. பதினைந்து ஆண்டுச் சேகரிப்பு இந்த ஒரு நிறுவனத்தின் ஆயுளோடு கட்டப்பட்டிருக்கிறது.

உலகம் மூடப்பட்டாலும் சமூகம் பிழைக்கும் என்பதற்குச் சான்று இதே மண்ணில் இருக்கிறது. ஊரு என்ற இணைய விளையாட்டு 2004 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டபோது அதன் மக்கள் அகதிகளைப் போலக் கூட்டமாகக் கிளம்பி, ஒரு பகுதியினர் செகண்ட் லைஃபுக்கு வந்து தாங்கள் இழந்த இடங்களைக் கையாலேயே மறுபடி கட்டினார்கள். அதற்கு இடம் கொடுத்தது இங்குள்ள கட்டுமானக் கருவிகள். இன்று அப்படி ஒரு கூட்டம் கிளம்பினால் வீஆர்சாட் என்ற இன்னொரு மெய்நிகர் உலகத்துக்குத்தான் முதலில் போகும் என்று தோன்றுகிறது. அங்கே தலைக்கவசம் அணிந்தவரின் தலையசைப்பும் கையசைப்பும் அப்படியே அவதாருக்கு வந்துவிடுகின்றன. யூனிட்டி என்ற மென்பொருளில் செய்த உருவத்தை ஏற்றலாம். இடத்துக்கு வாடகை கிடையாது. உடலசைவில் அது செகண்ட் லைஃபை எங்கோ பின்னே தள்ளிவிட்டது. ஆனால் அங்கே எல்லோரும் வெளியேறியதும் கூடியிருந்த அறை மூடிக்கொள்கிறது. வைத்த நாற்காலி மறுநாளும் வைத்த இடத்தில் இருக்கும், நாம் இல்லாத நேரத்தில் அண்டைவீட்டார் அதைப் பார்த்துவிட்டுப் போவார் என்ற நிலைபேறு செகண்ட் லைஃபிடம்தான் இருக்கிறது.

தொழில்நுட்பத்தில் பழைமையின் சுமை தெரிகிறது. பெருநிலப்பரப்பின் ஒரு பகுதியில் 40 பேர், முழுத் தனித் தீவில் 100 பேர் என்ற அளவோடு கூட்டம் நின்றுவிடும். அந்த எண்ணிக்கையை நெருங்கும்போதே நடை தடுமாறி எல்லாம் மெதுவாகிவிடும். நாற்பது அலங்கரித்த அவதார்கள் கூடிய இசை நிகழ்ச்சியில் பாதிப் பேர் சாம்பல் நிறச் சிலைகளாக நிற்பது வாடிக்கை. 2020-இல் சேவையகங்கள் அனைத்தும் அமேசானின் மேகக் கணினிச் சேவைக்கு மாற்றப்பட்ட பிறகு தடங்கல்கள் குறைந்திருந்தாலும் சிக்கலின் வேர் அப்படியே இருக்கிறது. கைபேசிச் செயலி வந்துவிட்டது. நண்பர்களோடு பேச, எட்டிப்பார்க்கப் போதும், எதையாவது கட்டக் கணினியே தேவை.

எழுத்தில் நன்றாகப் பேசக்கூடியவர், கையால் ஏதாவது செய்ய விரும்புபவர், வீட்டைவிட்டு எளிதில் வெளியேற முடியாதவர், வெளியுலகில் தன் உருவத்தோடு ஒத்துப்போக முடியாதவர் ஆகியோருக்கு இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பரபரப்பு தேடுபவருக்கும் பழைய கணினி வைத்திருப்பவருக்கும் இது ஒத்துவராது. புதிதாகப் போகிறவர் முதலில் காலெடனின் பயிற்சிப் பள்ளியிலோ வர்ச்சுவல் எபிலிட்டித் தீவிலோ இறங்குவது நல்லது. நிறுவனத்தின் சொந்த வியூவரைவிட (உள்ளே நுழைய உதவும் மென்பொருள்) ஃபயர்ஸ்டார்ம் என்ற தன்னார்வலர்களின் வியூவரைப் பழையவர்கள் விரும்புகிறார்கள் என்பதால், உதவி கேட்டால் கிடைக்கும் பதிலும் பெரும்பாலும் அதன் மெனுப் பட்டியல்களை வைத்தே இருக்கும். மெஷ் உடல் வாங்குவதற்கு முன் அதன் இலவச மாதிரியை மாட்டிப் பார்க்க வேண்டும். அந்த உடலுக்கு உடை செய்யும் கடைகள் எத்தனை என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நிலத்தை மட்டும் முதல் சில மாதங்களுக்குத் தொட வேண்டாம். எந்த ஊரில் நம் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்களோ அந்த ஊரில், அங்கே ஏற்கெனவே வாடகை கட்டிக்கொண்டிருப்பவரிடம் ஒரு மூலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, மாதாமாதம் நம் பங்கையும் அவரிடம் கொடுத்துவிடுவது இருவருக்கும் நல்லது.